லைன்மேன் நெஞ்சில் வந்த வெளிச்சம்

நனைஞ்சான்பாறையில் ஆனி பிறந்துவிட்டால் மேகம் மலைக்கு மேலே நிற்பதில்லை, ஊருக்குள்ளேயே வந்து குடியிருக்கும். மளிகைக்கடைக்குள் புகுந்து உப்பைக் கசியவைக்கும், கொடியில் போட்ட துணியை வாரக்கணக்கில் ஈரமாகவே வைத்திருக்கும், மத்தியானச் சாப்பாடு முடிவதற்குள் தெருவை இருட்டாக்கிக் கோழிகளைக் கூட்டுக்கு அனுப்பிவிடும். எங்காவது ஒரு கிளை முறிந்து கம்பியில் விழும், கரண்ட் போகும், ஊரே லைன்மேனைத் திட்டும். அப்படி ஓர் ஆனி மாதத்தில்தான், ஊருக்கு ஒதுக்குப்புறமாக இருந்த கால்நடை ஆராய்ச்சி நிலையத்தின் இருட்டறையிலிருந்து வெளியே வந்த ஒரு செம்மறியாடு, தன் தோளில் எரிந்துகொண்டிருந்த வெளிச்சத்தோடு அப்படியே நடந்துபோய்த் தொட்டியில் தண்ணீர் குடித்தது.

ஆட்டைக் கூட்டிவந்தவள் டாக்டர் மங்கையர்க்கரசி. காரைக்குடிப் பக்கத்துக்காரி, நாற்பதைத் தாண்டியவள், கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்த சொந்தக்காரர்களும் ஒவ்வொருவராகக் கேட்பதை நிறுத்திவிட்டிருந்தார்கள். அவள் வேலை இதுதான்: ஆட்டின் செல்களோ மனிதனின் செல்களோ தொடாத, பாக்டீரியாக்கள் மட்டும் ஆசையாகத் தின்கிற ஒருவகைச் சர்க்கரை இருக்கிறது. அந்தச் சர்க்கரையோடு ஓர் ஒளிர்சாயத்தைக் கோத்து ஆட்டின் ரத்தத்தில் ஏற்றினால், சாயம் உடம்பெல்லாம் சுற்றிவிட்டு மற்ற இடங்களிலிருந்து மூத்திரத்தோடு வெளியேறிவிடும், கிருமி இருக்கிற இடத்தில் மட்டும் தங்கிவிடும். பிறகு ஆட்டை மயக்கி இருட்டுப்பெட்டியில் கிடத்தி அதன்மேல் சிவப்பு ஒளியைப் பாய்ச்சினால், சாயம் அந்த ஒளியை வாங்கிக்கொண்டு கண்ணுக்குத் தெரியாத வேறோர் ஒளியாகத் திருப்பித் தரும். அதைக் கேமரா மட்டும் பார்க்கும். வீக்கம் வருவதற்கு முன்பே, கத்தி வைத்துக் கீறாமலே, உயிரோடிருக்கும் மிருகத்துக்குள் நோய் எங்கே குடியேறியிருக்கிறது என்று திரையில் தெரிந்துவிடும். ஆடுகளுக்குப் பெயர் வைக்கக்கூடாது என்று அவள் தனக்கே ஒரு விதி வைத்திருந்தாள். பேச்சுத்துணைக்கு வேறு யாரும் இல்லாததால், பெயரில்லாத அந்த ஆடுகளிடம் பேசுவாள்.

அன்றைக்குத் தொட்டியடியில் பெட்டியும் இல்லை, பாய்ச்சிய ஒளியும் இல்லை, கேமராவும் இல்லை; ஆனாலும் ஆய்வுக்காக அவள் கிருமி வைத்திருந்த அந்தத் தோள், கம்பளிக்குள்ளிருந்து சுட்ட பனம்பழத்தின் நிறத்தில் எரிந்தது. மங்கையர்க்கரசி கொஞ்சநேரம் பார்த்துவிட்டு அதைத் தொழுவத்தில் கட்டினாள். மறுநாள் காலையில் தொழுவத்தைக் கழுவுகிற எஸ்தர் விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். அவளுக்கு நகச்சுற்று. விரலில் செருகியிருந்த எலுமிச்சம்பழத்தையும் தாண்டி அதே நிறம் கசிந்தது.

“எனக்கும் தெரியாம ஊசி போட்டுட்டீயளா டாக்டரம்மா?”

“இல்ல எஸ்தர்.”

“பின்ன இது?”

“தெரியல. வலிக்குதா?”

“வலிக்காமயா? விண்ணு விண்ணுன்னு தெறிக்கி.”

“அப்ப வெளிச்சம் பொய் சொல்லல. ஆஸ்பத்திரியில காட்டி மாத்திரை வாங்கிக்க” என்றாள் மங்கையர்க்கரசி.

எஸ்தர் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் நாலு கடையில் நின்று விரலைக் காட்டிவிட்டுப் போனாள். அந்த வார முடிவுக்குள் வெளிச்சம் மேகத்தோடு மேகமாக ஊருக்குள் இறங்கிவிட்டது. டீக்கடை ஹனீபாவின் கன்னத்தில் எரிந்தது, கடைவாய்ப்பல். எஸ்டேட் மேனேஜரின் பூட்ஸுக்குள் எரிந்தது, சர்க்கரைநோய்ப் புண். அவரைப் பார்த்து முதல்முறையாக ஊர் பரிதாபப்பட்டது. ராவும் பகலுமாக அழுதுகொண்டே இருந்த கைக்குழந்தையின் காது எரிந்ததைப் பார்த்தபிறகுதான் அதன் தாய், பிள்ளைக்குப் பேய் பிடிக்கவில்லை, சீழ் பிடித்திருக்கிறது என்று தெரிந்து தலையிலடித்துக்கொண்டு ஓடினாள். வருஷக்கணக்காக அடிவயிற்று வலியை அடுப்படியிலேயே முழுங்கிக்கொண்டிருந்த பெண்கள், சேலைக்கு வெளியே வெளிச்சம் தெரிய நடந்தார்கள். மாமியார்கள் கண்ணை மூடிக்கொள்ளப் பார்த்தார்கள், முடியவில்லை, ஜீப் பிடித்து அனுப்பினார்கள். பால் சங்கத்தில் மடி எரிகிற மாடுகளைத் தனியே நிறுத்திக் கறந்தார்கள். சர்ச்சில் ஃபாதர் இது அற்புதம் இல்லை என்று பிரசங்கம் செய்தார், கோயிலில் பூசாரி இது அம்மனும் இல்லை என்று சொன்னார். ஃபாதருக்கு இடதுகால் பெருவிரலும் பூசாரிக்கு வலதுகால் பெருவிரலும் எரிந்துகொண்டிருந்தன. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் கழுத்தில் பிளவைக் கட்டி எரிந்தபோது, காபி கொண்டுவந்த பெண், “முதல்ல அதைக் கீறிட்டு வரச் சொல்லுங்க, பொறவு பேசுவோம்” என்று உள்ளே போனாள். அவர் கீறிக்கொண்டு வந்தார், கல்யாணம் நடந்தது. ஜவுளிக்கடைக்காரர் மறைத்துக்கொள்ள வசதியாகக் கறுப்புச் சால்வைகளை வரவழைத்தார். ஆனால் சால்வை போர்த்தினவனிடம்தான் எங்கே எரிகிறது என்று ஊர் அதிகமாகக் கேட்டது என்பதால், சால்வைகள் அட்டைப்பெட்டியிலேயே பூசணம் பிடித்தன.

கீழேயிருந்து அதிகாரிகள் வந்து படம் எடுத்தார்கள். படத்தில் வெறும் கன்னமும் வெறும் காலும்தான் விழுந்தன. எரிகிறவர்களை விசாரிக்க ஜீப்பில் ஏற்றிக் கீழே கொண்டுபோனபோது, செக்போஸ்ட்டைத் தாண்டி மேகம் முடிகிற இடத்திலேயே வெளிச்சம் மறைந்துபோனது. மலைக்காரர்களின் கற்பனை என்று சொல்லிவிட்டு அதிகாரிகள் போய்விட்டார்கள். ஊரும் அவர்களை மறந்து, அரசு ஆஸ்பத்திரி வாசலில் வரிசையில் நின்றது.

வெளிச்சத்தால் வந்த பெரிய மாற்றம் நோய் தெரிந்தது அல்ல. ஒருவரை ஒருவர் நலம் கேட்க ஆரம்பித்ததுதான். முன்னெல்லாம் தெருவில் எதிர்ப்பட்டால் தலையாட்டிவிட்டுப் போகிறவர்கள், இப்போது நின்று, குனிந்து, கைவைத்துப் பார்த்து, “இன்னைக்கு கொஞ்சம் மங்குன மாதிரி இருக்கே” என்று சந்தோஷப்பட்டுவிட்டுப் போனார்கள். பேசாதிருந்த பங்காளிகள் முழங்கால் வெளிச்சத்தைச் சாக்காக வைத்துப் பேசிக்கொண்டார்கள்.

மங்கையர்க்கரசியை மட்டும் யாரும் கேட்கவில்லை, கேட்பதற்கு அவளிடம் எதுவும் எரியவில்லை. ஒரு மத்தியானம் குவார்ட்டர்ஸில் கரண்ட் போனபோது, கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடி முன்னால் நின்று, தன் உடம்பை முதுகு, அக்குள், பல், காதுமடல் என்று ஒவ்வோரிடமாகத் தேடினாள். ஒரு சொத்தைப்பல்கூட இல்லாத சுத்தமான உடம்பு. வெளியே ஜன்னலைத் தாண்டி யாரோ இருவர் எரிகிற முழங்கையும் எரிகிற தாடையுமாகச் சிரித்துப் பேசிக்கொண்டு போனார்கள். அவள் ஜாக்கெட் கொக்கியை மாட்டிக்கொண்டு தொழுவத்துக்குப் போய், ஆடுகளுக்கு நடுவில் நின்றாள்.

லைன்மேன் தவசிமுத்துவுக்கு வெளிச்சம் வந்தது எல்லோருக்கும் பிறகுதான். ஐம்பத்தைந்து வயது இருக்கும். மனைவி, மகளைக் கூட்டிக்கொண்டு திருப்பூரில் இருக்கிற தன் அண்ணன் வீட்டுக்குப் போய் வருஷங்கள் ஆகிவிட்டன; போனபோது சண்டைகூடப் போடவில்லை, மழை பிடிக்கவில்லை என்று மட்டும் சொன்னாளாம். மின்வாரியக் குவார்ட்டர்ஸில் அவர் தனியாகப் பொங்கித் தின்றார். ஊரில் அவரைத் தேடி வருகிறவர்கள் கரண்ட் போனதற்குத் திட்ட வருவார்கள். கரண்ட் இருக்கும்போது வருவதில்லை. வைகாசியில் ஒரு பல் ஆட்டம் கொடுத்தபோது, ஆஸ்பத்திரிக்குப் போகச் சலித்துக்கொண்டு, கம்பி வெட்டுகிற கட்டிங் பிளேயரால் தானே பிடுங்கிப் போட்டார். பிறகு விட்டு விட்டுக் காய்ச்சல் வந்தது. மழைக்காய்ச்சல் என்று நினைத்து, அதோடேயே கம்பத்தில் ஏறினார், இறங்கினார்.

ஆடி முதல் வாரத்தில் சந்தைத்தெருக் கம்பத்தில் அவர் ஏறி நின்றபோது, காக்கிச் சட்டைக்குள் இடதுபக்க நெஞ்சில் குப்பென்று பற்றிக்கொண்டது. ஊரில் அதுவரை எரிந்ததெல்லாம் அகல்விளக்கு அளவுதான். இது பெட்ரோமாக்ஸ் மாதிரி எரிந்தது. மேகத்துக்குள் கம்பத்தின் உச்சியில் ஒரு வெளிச்சம் நிற்பதைப் பார்த்துத் தெருவில் எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

“அண்ணாச்சி, பாத்து இறங்குங்க! வழுக்கும்!” என்று ஹனீபா கத்தினார்.

இத்தனை வருஷத்தில் அவரைப் பார்த்து இறங்கச் சொன்னவர் யாரும் இல்லை. இறங்கினதும் ஒருவர் டீ கொடுத்தார், ஒருவர் துண்டு கொடுத்தார், எஸ்தர் அவர் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

அன்றிலிருந்து கரண்ட் போனால் ஊர் தவசிமுத்துவின் வீட்டுக்கு நடந்தது. திட்டுவதற்கு இல்லை. பெண்கள் அவர் நெஞ்சு வெளிச்சத்தில் அரிசி புடைத்தார்கள், பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதினார்கள், சீட்டாடுகிறவர்கள் வட்டமாக உட்கார்ந்தார்கள். வருகிறவர்கள் மிளகு ரசமும் கஞ்சியும் கொண்டுவந்தார்கள். அவர் சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டு நடுவில் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார், அதிகம் பேசமாட்டார், எல்லோர் முகத்தையும் பார்த்துக்கொண்டிருப்பார். மாத்திரை சாப்பிடுகிறீரா என்று கேட்டால், “சாப்பிடாம இருப்பனா” என்பார். ஊரில் மற்றவர்களின் வெளிச்சங்கள் மருந்தில் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருந்தன. அவருடையது மட்டும் வளர்ந்தது. அதனால் கூட்டமும் வளர்ந்தது. அவரோ மெலிந்தார், விரல்நுனிகளில் செம்புள்ளிகள் வந்தன, படியேறினால் இரைத்தது.

மங்கையர்க்கரசி இதை எஸ்தர் சொல்லித்தான் கேள்விப்பட்டாள், கேட்டதும் கையிலிருந்த ஊசிக்குழலைக் கீழே வைத்துவிட்டாள். போன வருஷம் அவளுடைய ஆடு ஒன்றுக்குத் தோளில் வைத்த கிருமி, ரத்தத்தோடு ஓடி இதயத்தின் வால்வில் போய் ஒட்டிக்கொண்டது. திரையில் அந்த ஆட்டின் நெஞ்சு நாளுக்கு நாள் அழகாகிக்கொண்டே வந்தது. மிக அழகாக இருந்த அன்றைக்கு மறுநாள் ஆடு செத்துக்கிடந்தது.

மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு அவர் வீட்டுக்கு நடந்தாள். அப்போது கரண்ட் இருந்தது, அதனால் அவர் தனியாக இருந்தார்.

“அண்ணாச்சி, நான் மங்கையர்க்கரசி. ஆட்டு ஆஸ்பத்திரியில இருக்கேன்.”

“தெரியும், டாக்டரம்மா. உங்களுக்கு வரலியோ வெளிச்சம்?”

“வரல. நீங்க ஒரு மாத்திரைகூடச் சாப்பிடல, இல்லையா?”

அவள் ஆட்டின் கதையைச் சொன்னாள், எதையும் குறைக்காமல் சொன்னாள். பல் பிடுங்கின புண் வழியாகக் கிருமி உள்ளே போயிருக்கும் என்றும், மாத்திரையில் தீராது, கீழே பெரிய ஆஸ்பத்திரியில் வாரக்கணக்கில் படுத்து ரத்தத்தில் மருந்து ஏற்றவேண்டும் என்றும், இந்த மழை முடிவதற்குள் வால்வு கிழிந்துவிடும் என்றும் சொன்னாள்.

“சரி, ஏத்துதேன். ஏத்துனா இது அணைஞ்சிருமா?”

“அணையணும். அணைஞ்சாத்தான் பிழைப்பீங்க.”

“அணைஞ்ச பொறவு?” அவர் வாசலைக் காட்டினார். அங்கே அன்றைக்குக் காலையில் கழற்றிவைத்துவிட்டு யாரோ மறந்துபோன ஒரு ஜோடிச் செருப்பு கிடந்தது. “எவன் வருவான் இங்க?”

யாராக இருந்தாலும் அந்த இடத்தில், எல்லோரும் வருவார்கள் அண்ணாச்சி, ஊர் உங்களை மறக்குமா என்று சொல்லியிருப்பார்கள். அவளுக்கும் வாய்வரைக்கும் வந்தது.

“யாரும் வரமாட்டாங்க” என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு சிரித்தார், சிரிப்பு இருமலாக மாறியது. இருமும்போது வெளிச்சம் சுவரெல்லாம் குலுங்கியது.

“நீங்க ஒரு ஆளுதான் உள்ளதைச் சொல்லுதீய.”

“நான் வருவேன்” என்றாள் அவள்.

“நீங்க என்னத்துக்கு வாரீய?”

“எனக்கும் போறதுக்கு வேற வீடு கிடையாது.”

அவர் வெகுநேரம் தன் நெஞ்சைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, ஒரு வேட்டியையும் சோப்புப்பெட்டியையும் பையில் போட்டார்.

ஜீப்பில் போகும்போது தெருவே கூடி நின்று வழியனுப்பியது. சிலர் அழுதார்கள்; சீக்கிரம் வந்திருங்க அண்ணாச்சி, இருட்டா இருக்கும் என்றார்கள். செக்போஸ்ட்டைத் தாண்டி மேகம் முடிந்து, வெயில் பட்ட ரோடு தெரிந்த இடத்தில், அவர் நெஞ்சு சட்டென்று வெறும் நெஞ்சானது, நரைத்த முடியும் விலா எலும்பும் மட்டும் தெரிந்தன. “வண்டியைத் திருப்புங்க” என்றார். டிரைவர் திரும்பிப் பார்த்தார். மங்கையர்க்கரசி தலையசைத்து மறுத்தாள். “திருப்புங்கன்னு சொல்லுதேம்லா” என்று அவர் கதவைப் பிடித்து இழுத்தார்; அவளுடைய கையைத் தட்டிவிட்டார், திட்டினார், கடைசியில், மலையடிவாரத்துப் பாபநாசம் வரும்வரை முகத்தைத் துண்டால் மூடியே வைத்திருந்தார்.

பெரிய ஆஸ்பத்திரியில் அவர் யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு கட்டில். “பேஷண்டுக்கு நீங்க என்ன வேணும்?” என்று நர்ஸ் கேட்டபோது அவள் சற்றுத் தடுமாறி, “ஒரே ஊரு” என்றாள். மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. இரண்டு மூன்று நாளுக்கொருமுறை மலையிறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். வெளிச்சம் இருந்தால் எவ்வளவு குறைந்தது என்று பார்த்திருக்கலாம். இங்கே ரத்தப் பரிசோதனையைத்தான் கேட்கவேண்டியிருந்தது. ஊரிலிருந்து முதல் வாரம் நிறையப் பேர் வந்தார்கள், ஆரஞ்சுப்பழம் கொண்டுவந்தார்கள், அவருடைய நெஞ்சைப் பார்த்தார்கள், என்ன பேசுவதென்று தெரியாமல் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றார்கள். பிறகு வரவில்லை.

அவர் பிழைத்துத் திரும்பியபோது புரட்டாசி ஆகியிருந்தது. மேகம் மலைக்கு மேலே ஏறிப் போய்விட்டது, கூடவே மிச்சமிருந்த வெளிச்சங்களும் போய்விட்டன. ஊரில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. கிணறு வற்றினால் இன்னொரு கிணற்றுக்குப் போகிறமாதிரி, தெருவில் எதிர்ப்பட்டால் மறுபடி தலையாட்டிவிட்டுப் போனார்கள். பஸ்ஸை விட்டு இறங்கின தவசிமுத்துவிடம் முதலில் பேசியது ஹனீபா.

“அண்ணாச்சி வந்தாச்சா? நல்லதாப் போச்சு. நம்ம தெருவுல ரெண்டு நாளா லோ வோல்டேஜ், என்னன்னு பாருங்க.”

தவசிமுத்து வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மங்கையர்க்கரசி சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். தினமும் சாயங்காலம் வேலை முடிந்து அவர் வீட்டுக்கு வந்தாள். முதல் நாள் அவர் கதவுக்குப் பின்னாலிருந்தே, “போங்க டாக்டரம்மா” என்றார். மறுநாள், “என்கிட்ட என்னத்தைப் பாக்க வாரீய, இங்க ஒண்ணும் எரியல” என்றார். இன்னொரு நாள் கதவைத் திறந்து, முகத்துக்கு நேரே, “செத்திருந்தா வெளிச்சத்தோட செத்திருப்பேன். ஊரே தூக்கிட்டுப் போயிருக்கும். நீங்கதான் கெடுத்தீய” என்று சொல்லிவிட்டுச் சாத்தினார். அவள் வாசற்படியில் கொஞ்சநேரம் உட்கார்ந்திருப்பாள். உள்ளே அவர் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்கும், ரேடியோவில் வானிலை அறிக்கை கேட்கும், பிறகு எழுந்து போவாள். ஒருவரைக் காப்பாற்றினால் கிடைக்கும் என்று எல்லோரும் சொல்கிற சந்தோஷம் அவளுக்குக் கிடைக்கவில்லை. ஆனாலும் மறுநாள் வந்தாள்.

ஐப்பசியில் தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. ஆய்வு முடிந்தது, முடிவுகள் திருப்தி, ஆடுகளை முடித்துவிடலாம். முடித்துவிடுவது என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும், அதையும் அவளேதான் செய்யவேண்டும், இதுவரை செய்தும் இருக்கிறாள். ஒவ்வொன்றாக மயக்கமருந்து கொடுத்து, தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, மூச்சு நிற்கும்வரை காதைத் தடவிக்கொண்டிருந்தாள். தோளில் வெளிச்சத்தோடு தண்ணீர் குடித்த ஆடு கடைசியாகப் போனது. எஸ்தர் குழிக்குச் சுண்ணாம்பு போட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள். மங்கையர்க்கரசி கழுவிவிட்ட தொழுவத்தில் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்தாள். சாயங்காலம் வந்தது. அவளால் எழுந்திருக்க முடியவில்லை. மறுநாளும் குவார்ட்டர்ஸிலேயே கிடந்தாள், அதற்கடுத்த நாளும்.

அந்த நாள் விளக்கு வைக்கிற நேரத்தில் கதவு தட்டப்பட்டது. காக்கிச் சட்டையின் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு தவசிமுத்து நின்றார்.

“மீட்டர் பாக்க வந்தேன்” என்றார்.

“மீட்டர் வெளியிலதான் இருக்கு, அண்ணாச்சி.”

“தெரியும்.”

மீட்டர் பார்ப்பது லைன்மேன் வேலை இல்லை என்பதும் இருவருக்கும் தெரியும். அவர் செருப்பைக் கழற்றினார், உள்ளே வந்தார், எங்கே உட்காருவது என்று தெரியாமல் துணி குவிந்து கிடந்த நாற்காலியிலிருந்து துணிகளை எடுத்துக் கட்டிலில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். அவளை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

“காய்ச்சலா?”

“இல்ல.”

“பல்லு கில்லு?”

“இல்ல அண்ணாச்சி. ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லாமயா ரெண்டு நாளா வரல?” நாற்காலியை அவள் பக்கமாக நகர்த்திக்கொண்டு, “பாத்தா எனக்குத் தெரியல. நீங்கதான் சொல்லணும்” என்றார்.

எங்கிருந்து சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் அவசரப்படுத்தவில்லை. பிறகு அவள் ஆடுகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள், கடைசி ஆட்டின் காது எவ்வளவு நேரம் சூடாக இருந்தது என்று சொன்னாள், அதிலிருந்து எப்படியோ காரைக்குடி வீட்டுக்கும் அங்கே கேட்பதை நிறுத்திவிட்டவர்களுக்கும் போனாள். இடையில் எழுந்து காபி போட்டுக் கொடுத்துவிட்டு மறுபடி சொன்னாள். வெளியே மழை இல்லை, கரண்ட் போகவில்லை, குழல்விளக்கு ஒழுங்காக எரிந்தது. அவளிடம் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. அவர் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.